ஒன்பது படலங்கள்

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி காலையில், வாஷிங்டன் வெள்ளை மாளிகை அதிகாரிகள் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, ஒரு தாளின் நகலை அவர்கள் கையில் கொடுத்து, அதையே ஒரு பி.டி.எஃப். கோப்பாகத் தங்கள் இணையதளத்திலும் ஏற்றி வைத்தார்கள். 1961-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி மாலை 7 மணி 24 நிமிஷத்துக்கு, ஹவாய்த் தீவுகளில் ஹொனலூலு நகரத்துக் கபியோலானி மகப்பேறு மருத்துவமனையில், பராக் ஹுசைன் ஒபாமா என்னும் ஆண் குழந்தை பிறந்தது என்பது அத்தாளின் சாரம். அந்தக் குழந்தை வளர்ந்து அந்நாட்டின் ஜனாதிபதியாகி இரண்டு ஆண்டுகள் கடந்த பின்னர், அவர் அந்நாட்டில்தான் பிறந்தாரா என்று லக்ஷக்கணக்கானோர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு முற்றுப்புள்ளி வைக்கவே தாள் வெளியிடப்பட்டது. அன்றைப் பொழுது சாய்வதற்குள், கேள்வி ஒபாமாவை விட்டுத் தாளின்மேல் தாவிவிட்டது.

இவ்வளவு பெரிய விவகாரம் ஒரு ஜனன சர்டிபிகேட்டைச் சுற்றி எழுந்ததற்குக் காரணம், அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் ஷரத்து. ஜனாதிபதியாக வருபவர் 35 வயது நிரம்பியவராகவும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்தவராகவும், பிறப்பினாலேயே குடிமகனாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. இந்த மூன்றாவது நிபந்தனை வதந்திக்கு நெடுங்காலமாகவே இடம் கொடுத்து வந்திருக்கிறது. 1880-இல் துணை ஜனாதிபதிப் பதவிக்கு நின்ற செஸ்டர் ஆர்தரை, முதலில் அயர்லாந்தில் பிறந்தவர் என்றும், அது எடுபடாமற் போகவே கனடாவில் பிறந்தவர் என்றும் எதிராளிகள் தூற்றினார்கள். ஒபாமாவின் தந்தையார் கென்யா தேசத்தவர். மகனின் பெயரோ அமெரிக்கச் செவிகளுக்குப் புதிது. அவர் மீது எழுந்த சந்தேகத்தில் தோலின் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று சாதிப்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அவர்களை நம்பவும் போவதில்லை.

2008 ஜூன் மாதத்திலேயே ஒபாமாவின் தேர்தல் அலுவலகம், ஹவாய் சுகாதார இலாகா கம்ப்யூட்டரில் அச்சிட்டு வழங்கும் சுருக்கச் சான்றிதழை வெளியிட்டது. ஃபேக்ட்செக் என்னும் செய்தி ஆய்வு ஸ்தாபனத்தார் சிக்காகோவுக்குச் சென்று, அக்காகிதத்தைக் கையில் வாங்கி, புடைப்பு முத்திரையைத் தடவிப் பார்த்துப் படமும் எடுத்துப் போட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அதுவே பூரணமான அத்தாட்சி. ஆனால், "சுருக்கம் வேண்டாம், 1961-இல் டைப் அடித்து, தாயாரும் டாக்டரும் கையெழுத்திட்ட மூலத்தின் நகல் வேண்டும்" என்ற கூக்குரல் ஓயவில்லை. 2011 வசந்த காலத்தில், நியூயார்க் கட்டட வியாபாரியும் தொலைக்காட்சிப் பிரமுகருமான டொனால்டு டிரம்ப் அக்குரலோடு சேர்ந்துகொண்டதும் அது கூச்சலாக வளர்ந்தது. கடைசியில், ஹவாய் சுகாதார இலாகாவின் தலைவி லொரெட்டா ஃபடி விசேஷ அநுமதி அளிக்க, ஒபாமாவின் வக்கீல் ஒருவர் ஹொனலூலுவுக்கு விமானமேறிச் சென்று, பதிவாளர் ஆல்வின் ஒனாகாவின் முத்திரை பெற்ற பிரதிகளை வாங்கி வந்தார்.

இனித்தான் விஞ்ஞானம். இணையதளத்திலிருந்த கோப்பை, சித்திரம் வரைவோர் கையாளும் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருளில் திறந்து பார்த்த சிலர் திடுக்கிட்டார்கள். ஒரே படமாக இருக்க வேண்டிய தாள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஒன்பது படலங்களாகப் பிரிந்தது. அடியில் இருந்த ஒன்று, கள்ளப் பிரதியைத் தடுப்பதற்கென்றே பின்னல் கோலம் அச்சிடப்பட்ட பச்சைக் காகிதம்; அதன் மேலே டைப் எழுத்துக்களிற் பெரும்பாலானவை ஒரு படலம்; தேதி முத்திரைகளும், பதிவாளரின் ஒப்பமும், இன்னும் சில துணுக்குகளும் தனித்தனிப் படலங்கள். ஒன்றை நகர்த்தினால் மற்றவை நகராமல் நின்றன. வெட்டி ஒட்டியவன் தன் கத்தரிக்கோலை மேஜைமேலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இந்த அநுமானத்தை அபத்தம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. படங்களை ஒட்டித் தைக்கும் கலைஞர்கள் படலம் படலமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆகையால் படலங்களைக் கண்டவுடன் கலைஞனின் கையை நினைப்பது இயல்பு. அவர்கள் கண்டது மெய்யே. கண்டதற்குக் கற்பித்த காரணத்தில்தான் பிழை. வேறு எந்தக் காரணத்தால் இதே விளைவு உண்டாகக்கூடும் என்று கேட்டுவிட்டல்லவா முடிவுக்கு வந்திருக்க வேண்டும்?

அந்த வேறு காரணத்தை அறிய, ஒரு தாளை ஸ்கேனர் யந்திரம் எப்படிக் கோப்பாக்குகிறது என்பதைப் பார்ப்போம். எட்டரை அங்குல அகலமும் பதினோரு அங்குல நீளமும் உள்ள அமெரிக்கத் தாளை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் யந்திரம் படித்தால், அகலவாட்டில் 2,550 புள்ளிகளும் நீளவாட்டில் 3,300 புள்ளிகளும் ஆக, 84 லக்ஷத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் சேரும். ஒவ்வொரு புள்ளியின் வர்ணத்தையும் எழுத மூன்று பைட் வேண்டுமாகையால், ஒரு பக்கம் இரண்டரைக் கோடி பைட், அதாவது சுமார் 25 மெகாபைட் இடத்தை விழுங்கிவிடும். வெள்ளை மாளிகை ஏற்றிய கோப்போ ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. சுருக்குதல் நடந்திருக்கிறது என்பதும், கொஞ்சநஞ்சமாக அல்லாமல் மூர்க்கமாகவே நடந்திருக்கிறது என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

சுருக்கும் உபாயங்களில் பிரசித்தமானது ஜேபெக். அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளியும் நிறமும் ஏறி இறங்கும் போக்கை அலைகளாகக் கணித்து, நம் கண் எளிதில் உணராத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுகிறது. வானம், முகம், மலைச்சரிவு போல மெல்ல மாறும் காட்சிகளுக்கு இது அற்புதமான முறை. ஆனால் வெண்மையிலிருந்து கருமைக்கு ஒரே தாவலாகத் தாவும் எழுத்தின் விளிம்பு, அந்த நுண்ணிய அலைகளினால்தான் உருவாகிறது. அவற்றைக் கழித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் மங்கல் சூழும். கறுப்பு வெள்ளை என்னும் இரண்டே நிலைகளில் எழுத்தைப் பதிவு செய்யும் முறையோ, விளிம்பைக் கூர்மையாகக் காக்கும். பச்சைக் கோலத்தைப் பாழாக்கிவிடும். எழுத்துக்கு ஏற்றது சித்திரத்துக்கு ஆகாது. சித்திரத்துக்கு ஏற்றது எழுத்துக்கு ஆகாது.

ஆகவே பொறியியல் வல்லுநர்கள் இரண்டையும் பிரித்தார்கள். தாளைப் படித்தவுடன் யந்திரமே, மனித உதவி இன்றி, எது எழுத்து எது பின்னணி என்று புள்ளிகளைத் தரம் பிரிக்கிறது. பின்னணியைக் குறைந்த நுட்பத்தில் ஜேபெக் படமாக்குகிறது. எழுத்தென்று தோன்றியவற்றை, அவற்றின் நிறத்துக்கும் இருப்பிடத்துக்கும் ஏற்பச் சில தொகுதிகளாக்கி, ஒவ்வொரு தொகுதியையும் ஒரே நிறமுள்ள கூர்மையான படலமாக மேலே சார்த்துகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டி.44 என்னும் எண்ணிட்டுத் தரப்படுத்திய இந்த முறை, அலுவலகங்களில் மூலைக்கு மூலை நிற்கும் நகல் யந்திரங்களுக்குள் சந்தடியின்றி இயங்கி வருகிறது. அதன் பலனை அநுபவிப்பவர்களில் பெரும்பாலோர் அதன் பெயரையும் கேட்டதில்லை.

இப்போது அந்த ஒன்பது படலங்களை மறுபடியும் பார்த்தால், அவற்றில் ஒன்று மட்டுமே பல வர்ண ஜேபெக் படம் என்பதும், எஞ்சிய எட்டும் ஒற்றை நிறப் படலங்கள் என்பதும், பின்னணி அங்குலத்துக்கு 150 புள்ளிகளிலும் எழுத்துக்கள் 300 புள்ளிகளிலும் நிற்கின்றன என்பதும், அந்த யந்திர முறை எதைச் செய்யுமோ அதுவே இங்கே நடந்திருக்கிறது என்பதைக் காட்டும். எழுத்துக்களைச் சுற்றித் தெரிந்த வெண்மையான வளையமும், எழுத்தைப் பின்னணியிலிருந்து அகற்றிய இடத்தை யந்திரம் நிரப்பியதன் தடயமே. எனக்கு மிகவும் பிடித்த சான்று இன்னொன்று உண்டு. பராக் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே வரும் 'ஆர்' என்ற எழுத்து மட்டும் தன் தோழர்களோடு சேராமல் பின்னணிப் படத்திலேயே தங்கிவிட்டது. சான்றிதழ் எண்ணான 10641-இன் கடைசி 1-உம் அவ்வாறே. சந்தேகப் பிராணிகள் இதையும் போலித்தனத்தின் அடையாளமாகக் கொண்டார்கள். ஒரு பெயரை ஒட்டுகிறவன் ஐந்து எழுத்துக்களை ஒட்டி, நடுவில் ஒன்றை மட்டும் பழைய தாளிலேயே விட்டு வைப்பானா? அப்படி விட்டால், அந்தப் பழைய தாளில் அதே இடத்தில் அதே எழுத்து முன்கூட்டியே காத்திருக்க வேண்டுமே! இத்தகைய தடுமாற்றம், அர்த்தம் அறியாமல் புள்ளிகளின் கருமையை மட்டும் அளக்கும் யந்திரத்துக்கே உரியது.

காரணத்தைச் சொல்வதோடு விஞ்ஞானம் திருப்தியடைவதில்லை. செய்து காட்டு என்று கேட்கும். ஒபாமாவின் அரசியலுக்கு நேர் விரோதியான நேஷனல் ரெவ்யூ பத்திரிகையைச் சேர்ந்தவர்களே, அன்றைக்கே வேறொரு காகிதத்தை ஸ்கேன் செய்து, சுருக்கும் வசதியை இயக்கி, படலங்கள் தாமாகவே தோன்றுவதைக் காட்டினார்கள். கோப்பின் உள்ளே, ஆப்பிள் கம்ப்யூட்டரின் குவார்ட்ஸ் என்னும் பகுதி அதை எழுதியது என்ற குறிப்பு மட்டும் இருந்தது. முதலில் படித்த யந்திரத்தின் பெயர் இல்லை. கோப்பை ஆப்பிள் கம்ப்யூட்டரில் திறந்து மறுபடி சேமித்தால் பழைய முகவரி அழிந்து புதியது ஏறும் என்பதால், அதில் வியப்பில்லை. 2013-இல் ஆர்வலர்கள் சிலர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் வகை யந்திரத்தில் சான்றிதழ் நகலைப் படித்து, ஆப்பிள் கம்ப்யூட்டரில் சேமித்துப் பார்த்தபோது, படலப் பிரிவு, இருவகைப் புள்ளி நுட்பம், வெண் வளையம் முதலிய விநோதங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஆயினும் ஒரு விநோதம் தனியே கவனிக்கத் தக்கது. தாளில் வெவ்வேறு இடங்களில் வந்த சில எழுத்துக்களும், டிக் அடிக்கும் சிறு கட்டங்களும், புள்ளிக்குப் புள்ளி ஒன்றாகவே இருந்தன. பழைய டைப்ரைட்டரில் ஒரே எழுத்தை இருமுறை அடித்தாலும், மையும் அழுத்தமும் சற்றேனும் வேறுபடாமல் இரா. எனவே, 'இவை நகலெடுத்து ஒட்டியவை' என்றார்கள். அது உண்மைதான்; ஒட்டியது யார் என்பதில்தான் தகராறு. ஜேபிக்-2 என்னும் சுருக்கமுறை, பக்கத்தில் ஓர் எழுத்தைச் சந்தித்ததும் அதன் வடிவத்தைச் சேமித்துக்கொண்டு, பின்னர் ஏறக்குறைய அதே வடிவம் தோன்றும் இடங்களிலெல்லாம் மறுபடி எழுதாமல் முதல் வடிவத்தையே எடுத்து வைத்துவிடும். இட மிச்சத்துக்கான தந்திரம் அது.

அந்தத் தந்திரம் எவ்வளவு அபாயகரமானது என்பது 2013 ஆகஸ்டில் வெளியாயிற்று. டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி, ஒரு கட்டட வரைபடத்தை வொர்க்சென்டர் யந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது ஏற்பட்ட விபரீதத்தை உலகுக்கு அறிவித்தார். மூல வரைபடத்தில் மூன்று அறைகளின் பரப்பு முறையே 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். யந்திரம் தந்த பிரதியிலோ மூன்றும் 14.13. மங்கலோ சிதைவோ இல்லை; கண்ணாடி போலத் தெளிவாக, முழுக்கத் தவறான எண். மேலும் சோதித்ததில் 6 என்ற இலக்கம் 8 ஆக மாறுவது அம்பலமாயிற்று. சில குறைந்த தர அமைப்புகளில்தான் இது நேரும் என்று முதலில் சொன்ன நிறுவனம், உயர்தர அமைப்புகளிலும் நேர்வது நிரூபணமான பிறகு, குறையை ஒப்புக்கொண்டு திருத்த மென்பொருள் வழங்கிற்று. எத்தனை மருந்து அளவுகள், எத்தனை கணக்கேடுகள், எத்தனை பாலங்களின் அளவுகள் அதற்கு முன்னால் அந்த வகை யந்திரங்களின் வழியாகச் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். ஒபாமாவின் கோப்பை இரண்டு ஆண்டுகளாகப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவியவர்கள் இந்த மெய்யான ஆபத்தின் வாசல்வரை வந்து, அதன் கதவைத் தட்டாமலே திரும்பிப் போனார்கள். அவர்கள் தேடியது சதிகாரனை. யந்திரத்தின்மேல் அவர்களுக்கு அக்கறையில்லை.

இதுவரை பேசியதெல்லாம் நகலின் கதை. 1961-இல் நிரப்பிய தாள் ஒரு பதிவேட்டுத் தொகுதியில் கட்டுண்டு கிடக்கிறது. இணையதளத்துப் பிரதியின் இடது ஓரம் வளைந்து தோன்றுவது அந்தக் கட்டினால்தான். அதைப் பார்த்துப் பச்சைக் காகிதத்தில் எடுத்தது ஒரு நகல். அந்நகலை வாஷிங்டனில் ஸ்கேன் செய்தது இன்னொரு நகல். அதைச் சுருக்கி மறுபடி சேமித்தது மற்றொன்று. பெரிய புராணத்தில் திருமணப் பந்தலில் வந்து நின்ற கிழவேதியர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் பிடுங்கிக் கிழித்தெறிந்ததும், கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் சொன்னதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்த மூலத்தை வாங்கி, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பகத்திலிருந்து வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கியதும் தமிழர் அறிந்தவை. படியைக் கிழித்தால் மூலம் கிழியாது. மூலத்தைச் சோதிக்கச் சுதந்தரமான வேறொரு சாட்சி வேண்டும்.

அப்படிச் சுதந்தரமான சாட்சி ஒபாமாவின் விஷயத்திலும் உண்டு. 1961 ஆகஸ்ட் 13-ஆம் தேதி ஹொனலூலு அட்வர்டைசரும், மறுநாள் ஸ்டார் புல்லட்டினும், சுகாதார இலாகா அனுப்பிய பிறப்புப் பட்டியலைப் பார்த்து, ஒபாமா தம்பதிக்கு ஆகஸ்ட் 4 அன்று மகன் பிறந்ததாக அச்சிட்டன. நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நடக்கப்போகும் தேர்தலை உத்தேசித்து, ஒரு கைக்குழந்தைக்காக இரண்டு பத்திரிகைகளில் பொய்ச் செய்தி போட்டு வைத்தார்கள் என்று கருதுவதற்குச் சாதாரண நம்பிக்கை போதாது. 2008 அக்டோபரிலும் 2009 ஜூலையிலும், ஹவாய் சுகாதார இலாகாவின் அப்போதைய தலைவி சியோமி ஃபுகினோ, மூலப் பதிவைத் தாமே பார்த்ததாகப் பகிரங்கமாக அறிவித்தார். அவர் பணிபுரிந்தது ஒபாமாவின் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த கவர்னர் லிண்டா லிங்கிளின் ஆட்சியில். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுபவர்களுக்கு இலாகா பதில் சொல்ல வேண்டியதில்லை என்று 2010-இல் அம்மாநிலம் ஒரு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. 2011 ஏப்ரல் 27 அன்று, என்.பி.சி. நிருபர் சவானா கத்ரி முத்திரையிட்ட காகிதத்தை நேரில் தொட்டு, புடைப்பு முத்திரை விரலில் தட்டுப்படுவதை அறிந்து, படமும் எடுத்தார்.

மெய்யான போலி ஒன்றும் இந்த விவகாரத்தில் உண்டு. 2009 ஆகஸ்டில், ஒபாமா கென்யாவின் மொம்பாஸா நகரில் பிறந்ததாகக் காட்டும் ஒரு சான்றிதழின் படத்தை வழக்கறிஞர் ஓர்லி டெய்ட்ஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார். 1964 பிப்ரவரி 17-ஆம் தேதியிட்ட அதன் தலைப்பில் 'கென்யா குடியரசு' என்று இருந்தது. கென்யா சுதந்தரம் பெற்றது 1963 டிசம்பர் 12-இல். குடியரசானதோ 1964 டிசம்பர் 12-இல். குடியரசு பிறப்பதற்குப் பத்து மாதம் முன்னரே அதன் பெயரால் சான்றிதழ் பிறந்துவிட்டது! சில நாட்களுக்குள், ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலத்தில் ஒருவருக்கு வழங்கப்பட்ட 1959-ஆம் ஆண்டுச் சான்றிதழே அதன் அச்சு என்பது வெளியாயிற்று. பதிவேட்டின் புத்தக எண்ணையும் பக்க எண்ணையுங்கூடப் போலியைச் செய்தவன் மாற்றவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் படலங்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. சரித்திரப் புத்தகமும் ஒப்பிட வேறொரு தாளும் போதுமானவையாக இருந்தன. ஹவாய்த் தாளை அணு அணுவாகப் பிளந்தவர்களில் பலர் இந்தக் கென்யத் தாளைக் கண்டு ஒரு கணமும் ஐயுறவில்லை என்பது, சந்தேகம் என்று தன்னை அழைத்துக்கொள்வதெல்லாம் சந்தேகமல்ல என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம்.

சான்றுகள் மனத்தை மாற்றவே மாற்றா என்று சலிப்போடு சொல்பவர்களும் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஒபாமா வேறு நாட்டில் பிறந்தார் என்று திட்டமாகவோ உத்தேசமாகவோ கருதிய அமெரிக்கர்கள், கேலப் கருத்துக் கணிப்பின்படி 2011 ஏப்ரலில் 24 சதவீதம். நீண்ட சான்றிதழ் வெளியான பின்னர், மே மாதத்தில் 13 சதவீதம். ஒரு தாளைப் பார்த்து ஏறக்குறையப் பாதிப்பேர் அபிப்பிராயத்தைக் கைவிட்டது அற்ப விஷயமல்ல. எஞ்சியவர்களுக்காக வேறு தாள் தேடுவதில் பயனில்லை. ஏனெனில் எந்தத் தாள் வந்தாலும் அதற்கும் ஓர் ஓரம் இருக்கும், ஓரத்தில் ஒரு மங்கல் இருக்கும்.

அரிசோனா மாநிலத்து மாரிகோப்பா வட்டாரத்தின் ஷெரீஃப் ஜோ அர்பயோ, தொண்டர் படை ஒன்றை ஏவிக் கோப்பை ஆராய்ந்து, அது போலி என 2012 மார்ச்சில் அறிவித்தார். 2016 செப்டம்பர் 16-ஆம் தேதி, தேர்தலுக்கு நின்ற டிரம்பே, ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு மூன்று மாதம் பின்னர், பதவிக் காலம் முடியும் தறுவாயில், அர்பயோ மறுபடியும் நிருபர்களைக் கூட்டி, சான்றிதழின் ஒன்பது இடங்கள் வேறொருவருடைய ஹவாய்ச் சான்றிதழிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டவை என்று காட்ட முயன்றார். ஒரே அலுவலகத்தில், ஒரே மாதத்தில், ஒரே வகைப் படிவத்தில் குத்திய முத்திரைகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது ஆச்சரியமன்று. அப்போதும் மேஜைமேல் இருந்தது இணையதளத்துக் கோப்புத்தான். ஹொனலூலுவிலுள்ள மூலப் பதிவைப் பொய்யென்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. 10641 என்ற எண்ணோடு அது ஹவாய் சுகாதார இலாகாவின் பொறுப்பில் இருக்கிறது.